பெங்களூரு வாடகை அறையில் மூன்று மானிட்டர், ஒரு சின்ன கேபினட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன கேமிங் கணினி கட்டுவது பெரிய கணினி கட்டுவதைவிடக் கடினம். பெரிய கேபினட்டில் தவறான பாகம் வாங்கினாலும் எப்படியாவது உள்ளே போய்விடும். சின்னதில் 5 மி.மீ. கூடினால் பக்கவாட்டுத் தகடு மூடாது. அதோடு மூன்று மானிட்டரும் சேரும்போது போர்ட், சூடு, மேசை, மின்சாரம் எல்லாம் ஒன்றையொன்று இழுக்கும். மாரத்தஹள்ளி பிஜி அறையிலோ அல்சூர் ஒற்றைப் படுக்கையறை வீட்டிலோ இதை அமைக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

முதலில் எந்தப் பாகத்தை வாங்க வேண்டும்?

எதையும் வாங்காதீர்கள். பக்கத்துத் திரைகள் இரண்டும் என்ன வேலை செய்யப் போகின்றன என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

நடுத்திரையில் மட்டும் கேம், பக்கத்தில் டிஸ்கார்ட், பிரவுசர், ஆபீஸ் வேலை என்றால் உங்களுக்குத் தேவை ஒரு திரைக்கான கிராபிக்ஸ் கார்டுதான். மற்ற இரண்டும் கார்டுக்குப் பெரிய சுமையே இல்லை. கேமே மூன்று திரையிலும் விரிய வேண்டும் என்றால், அதாவது கார் பந்தயம், லாரி, விமானம் ஓட்டுகிற சிமுலேட்டர்கள் என்றால், கதை வேறு. கார்டின் விலை, சூடு, நீளம் எல்லாமே ஒரு படி ஏறும். மூன்று திரை கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் வேண்டியது முதல் வகைதான். அதை ஒப்புக்கொண்டால் செலவு வெகுவாகக் குறையும்.

அது முடிவானபின் வரிசை இப்படி: மேசையை அளந்து மானிட்டர், மானிட்டருக்கு ஏற்ற கார்டு, கார்டு நுழையும் கேபினட், பிறகு மற்றவை. அழகாக இருக்கிறது என்று கேபினட்டை முதலில் வாங்குவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு.

4 அடி மேசையில் மூன்று மானிட்டர் அடங்குமா?

24 அங்குலம் அடங்கும். 27 அங்குலம் இழுபறி.

24 அங்குல மானிட்டர் ஒன்றின் அகலம் விளிம்போடு ஏறத்தாழ 54 செ.மீ. மூன்றையும் நேர்கோட்டில் வைத்தால் 162 செ.மீ. உங்கள் மேசையோ 120 செ.மீ. பக்கத்துத் திரைகளை 45 டிகிரி உள்நோக்கித் திருப்பினால் மொத்த அகலம் 130 செ.மீ. ஆகிவிடும், பக்கத்துக்கு 5 செ.மீ. மேசைக்கு வெளியே நிற்கும், அவ்வளவுதான். 27 அங்குலத்துக்கு ஒன்றின் அகலம் 61 செ.மீ.; 45 டிகிரியில் மொத்தம் 147 செ.மீ. மேசையின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் இது முடியாது.

சிமுலேட்டருக்கு கோணம் கண்ணளவில் வைக்கும் விஷயம் அல்ல. மூன்று திரையும் கண்ணிலிருந்து சம தூரத்தில் இருந்தால், நடுத்திரை உங்கள் கண்ணில் எத்தனை டிகிரி விரிகிறதோ அத்தனை டிகிரிதான் பக்கத்திரையின் திருப்பம். 27 அங்குலத் திரைக்கு 60 செ.மீ. தூரத்தில் அது 53 டிகிரி, 70 செ.மீ. தூரத்தில் 46, 80 செ.மீ. தூரத்தில் 41. 24 அங்குலத்துக்கு 60 செ.மீ.யில் 48, 70 செ.மீ.யில் 41 அல்லது 42. கேமுக்குள் நீங்கள் கொடுக்கும் தூரமும் கோணமும் இந்த உண்மையான அளவாக இருந்தால்தான் வளைவுகள் சரியான இடத்தில் வரும்.

மானிட்டரோடு வரும் கால்கள் மூன்றும் சேர்ந்து மேசையை விழுங்கிவிடும். மூன்று கை ஸ்டாண்டு வாங்குங்கள். வாங்குமுன் மானிட்டரின் முதுகில் ஸ்டாண்டைத் திருகும் 75 அல்லது 100 மி.மீ. வெசா துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மலிவான மாடல்கள் சிலவற்றில் இருக்காது. வாடகை வீட்டு மேசை பெரும்பாலும் 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு. மூன்று மானிட்டர் எடையும் ஒரே கிளாம்ப்பில் இறங்கினால் சில மாதங்களில் அந்த இடம் நசுங்கும். கிளாம்ப்புக்கு மேலும் கீழும் ஒரு சாண் அளவு பிளைவுட் துண்டு வைத்து இறுக்கினால் எடை பரவும்.

மூன்றும் ஒரே மாடலாக இருப்பது நல்லது. திருப்பி வைக்கும் திரைகளுக்கு ஐபிஎஸ் பேனல் எடுங்கள். விஏ பேனலைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும்.

ஒரே ஒரு அகலத் திரை போதாதா?

பலருக்குப் போதும். 34 அங்குல 3440×1440 திரை 49.5 லட்சம் பிக்சல்தான். ஒரே கேபிள், நடுவில் விளிம்பு கிடையாது. ஆனால் பந்தய கேமில் பக்கத்துக் கண்ணாடியும் அருகில் வரும் காரும் தெரிய மூன்று திரை தரும் சுற்றுப் பார்வையை அது தராது.

எந்த கிராபிக்ஸ் கார்டு?

பிக்சல் கணக்கைப் பார்த்தால் தெளிவாகும். 4கே (3840×2160) திரை 83 லட்சம் பிக்சல். மூன்று 1080பி (1920×1080) திரைகள் சேர்ந்து 5760×1080, அதாவது 62 லட்சம். 4கே-யில் முக்கால் பங்கு. மூன்று 1440பி (2560×1440) என்றால் 7680×1440, 1 கோடியே 10 லட்சம். 4கே-யைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். மூன்று திரைக்கென்று விமர்சனங்களில் அளவுகள் கிடைப்பது அரிது. அதனால் அந்தக் கார்டு 4கே-யில் எத்தனை பிரேம் தருகிறது என்று பாருங்கள். மூன்று 1080பி-க்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். மூன்று 1440பி-க்கு அதில் முக்கால் பங்குதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன கேபினட்டுக்குள் வேகத்துக்கு இணையாக வாட்டையும் பார்க்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 180 வாட், ரேடியான் ஆர்எக்ஸ் 9070 220 வாட், ஆர்டிஎக்ஸ் 5070 250 வாட், ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ 300 வாட், ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 304 வாட். நடுத்திரையில் மட்டும் கேம் என்றால் முதலாவதே போதும். மூன்று 1080பி-யில் விரிக்க 9070 அல்லது 5070. மூன்று 1440பி என்றால் 16 ஜிபி நினைவகத்துக்குக் கீழே போகாதீர்கள். 5070-இல் 12 ஜிபிதான், 9070-லும் 5070 டிஐ-யிலும் 16 உண்டு. 220 வாட்டில் 16 ஜிபி தருவதால் 20 லிட்டருக்குக் கீழான கேபினட்டுக்கு 9070 எங்கள் முதல் தேர்வு.

5060 டிஐ 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையில் வருகிறது. பில் போடுமுன் பெட்டியைப் படியுங்கள்.

எத்தனை போர்ட் வேண்டும்? எந்தக் கேபிள்?

இன்றைய கேமிங் கார்டுகளில் வழக்கமாக நான்கு போர்ட் இருக்கும்: பெரும்பாலும் மூன்று டிஸ்பிளேபோர்ட், ஒரு எச்டிஎம்ஐ. ஆனால் மானிட்டர் பக்கம் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். மலிவான 1080பி மானிட்டர்களில் ஒரு எச்டிஎம்ஐ-யும் ஒரு விஜிஏ-வும் மட்டும் வருவதுண்டு. அப்படி மூன்று வாங்கினால் இரண்டுக்கு மாற்றி தேவைப்படும்.

மாற்றியில் திசை உண்டு. கார்டின் டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து மானிட்டரின் எச்டிஎம்ஐ-க்குப் போகும் மாற்றி எளிது, மலிவு. கார்டின் எச்டிஎம்ஐ-யிலிருந்து மானிட்டரின் டிஸ்பிளேபோர்ட்டுக்குப் போக தனி மின்சாரம் எடுக்கும் ஆக்டிவ் மாற்றி வேண்டும். சாதாரணக் கேபிளைத் திருப்பிப் போட்டால் படம் வராது.

1440பி மானிட்டரை எச்டிஎம்ஐ 2.0 வழியில் இணைத்தால் ரெஃப்ரெஷ் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்பது, 144 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பெட்டியில் போட்டிருக்கும் 165, 180 வேண்டுமானால் டிஸ்பிளேபோர்ட் கேபிள்தான் வழி. மிக அதிக ரெசொல்யூஷனும் ரெஃப்ரெஷ் ரேட்டும் சேர்ந்த மானிட்டர்கள், உதாரணமாக 4கே 240 ஹெர்ட்ஸ், சில கார்டுகளில் உள்ளே இரண்டு திரைக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது நான்கு போர்ட் இருந்தும் மூன்றாவது திரை எழாமல் போகலாம்.

மூன்றாவது மானிட்டரை மதர்போர்டில் செருகலாமா?

வேலைக்கான திரையென்றால் செருகலாம். ப்ராசஸருக்குள் கிராபிக்ஸ் இருக்க வேண்டும்: இன்டெலில் பெயர் எஃப் என்று முடிந்தால் இல்லை, ஏஎம்டி-யின் ரைசன் 5 7600-இல் உண்டு, 7500எஃப்-இல் இல்லை. பயாஸில், அதாவது கணினி எழும்போது திறக்கும் மதர்போர்டு அமைப்புத் திரையில், உள் கிராபிக்ஸை இயக்கிவிட வேண்டும்.

கேமை மூன்று திரையிலும் விரிக்க என்விடியாவின் சரவுண்டோ ஏஎம்டி-யின் ஐஃபினிட்டியோ பயன்படுத்துவதானால் செருகக் கூடாது. மூன்று கேபிளும் ஒரே கார்டிலிருந்து வர வேண்டும்.

கேபினட் எவ்வளவு சின்னதாகப் போகலாம்?

அறை மூலையில் நிற்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனை நினைத்துக்கொள்ளுங்கள். கூலர் மாஸ்டர் என்ஆர்200 18.25 லிட்டர், அந்தக் கேனைவிடக் கொஞ்சம் சின்னது. லியான் லி ஏ4-எச்2ஓ 11 லிட்டர், ஃபிராக்டல் டெர்ரா 10.4 லிட்டர், இரண்டும் கேனில் பாதி. முதல் முறை கட்டுபவர்களுக்கு 18 லிட்டர் பக்கம் நிற்கச் சொல்வோம். 155 மி.மீ. வரை உயரமான டவர் கூலரும் 330 மி.மீ. வரை நீளமான கார்டும் அதில் நுழையும். கார்டை மதர்போர்டோடு இணைக்கும் ரைசர் கேபிள் தேவையில்லை. கை உள்ளே போகும். 11 லிட்டரில் பாகங்களை அடுக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகும்.

கார்டின் நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தடிமனும் உயரமும் சேர்ந்து மூன்று அளவு. ஒரு ஸ்லாட் என்பது 20.32 மி.மீ.; "2.5 ஸ்லாட்" கார்டு 50 மி.மீ.யைத் தொடும். உயரம் எழுதியிருப்பது கார்டுக்கு மட்டும்தான், அதில் செருகும் மின் கேபிளுக்கு இல்லை. 16 பின் கனெக்டர் உள்ள கார்டென்றால் கேபிள் முதல் 35 மி.மீ.க்கு வளையாமல் நேராக வர இடம் விடுங்கள். பக்கத் தகடு அந்தக் கேபிளை அழுத்தினால் பின்கள் சரியாக உட்காராமல் அந்த இடம் சூடாகி உருகும் அபாயம் உண்டு. பழைய 8 பின் கனெக்டரோடு வரும் கார்டுகள் சின்னக் கேபினட்டில் நிம்மதி.

டெர்ரா போன்றவற்றில் நடுத்தண்டு நகரும். கார்டுக்கு இடம் கொடுத்தால் ப்ராசஸர் கூலருக்கு 48 மி.மீ.தான் மிஞ்சும், கார்டை ஒடுக்கினால் 77 வரை கிடைக்கும். இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி?

மினி-ஐடிஎக்ஸ் போர்டு 170×170 மி.மீ. கார்டுக்கு ஒரு ஸ்லாட், ரேமுக்கு இரண்டு. பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று ஒற்றை ரேம் வாங்காதீர்கள். 16 ஜிபி இரண்டை ஒரே கிட்டாக எடுங்கள். ஏஎம்5 போர்டுக்கு, அதாவது இன்றைய ரைசன் ப்ராசஸர் உட்காரும் போர்டுக்கு, டிடிஆர்5 6000 சரியான வேகம். தாழ்வான கூலர் போடுவதென்றால் தலையில் கொண்டை வைத்த ஆர்ஜிபி ரேம் இடிக்கும்.

எஸ்எஸ்டி செருகும் இரண்டாவது எம்.2 இடம் பல ஐடிஎக்ஸ் போர்டுகளில் அடிப்பக்கம் இருக்கும். போர்டைத் திருகுமுன் அதில் எஸ்எஸ்டி-யைப் போட்டுவிடுங்கள். அங்கே காற்று போகாது, அதனால் அதிகம் சூடாகும் ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டி வேண்டாம்.

ப்ராசஸரும் கூலரும்?

திரை அகலமானால் கார்டுக்கு மட்டும்தான் வேலை கூடும் என்று நினைப்பது தவறு. பக்கத்தில் தெரியும் கார்கள், மரங்கள், மனிதர்கள் எல்லாவற்றையும் ப்ராசஸரும் கணக்குப் போட வேண்டும். சிமுலேட்டர்களுக்கு ரைசன் 7 7800எக்ஸ்3டி மிக நன்றாகப் பொருந்தும்; கேமில் அது தன் 120 வாட் எல்லையை அரிதாகவே தொடும். மற்றவர்களுக்கு 65 வாட் ரைசன் 5 7600 போதும். அதனோடு பெட்டியில் வரும் கூலர் 54 மி.மீ. உயரம்தான், பல சின்ன கேபினட்டுகளில் அப்படியே நுழையும்.

பெங்களூரு குளிர் ஊர் என்பது ஏப்ரல் மாதத்துக்குப் பொருந்தாது. வெளியே 35 டிகிரி, கதவு மூடிய சின்ன அறை, மூன்று மானிட்டர் சேர்ந்து விடும் 100 வாட் சூடு. பயாஸில் ப்ராசஸர் இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும் ஈக்கோ மோடும், கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குவதும் இலவச வைத்தியம். சில பிரேம்கள் போகும், சத்தமும் சூடும் கண்கூடாகக் குறையும். பக்கத் தகடு வழியாக மூச்சு விடும் கேபினட்டைச் சுவரிலிருந்து ஒரு கையளவாவது தள்ளி வையுங்கள். சாலைப் பக்கம் ஜன்னல் இருந்தால் கேபினட்டின் வலையை மாதம் ஒருமுறை தட்டுங்கள்.

எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி)?

எஸ்எஃப்எக்ஸ் அளவு, 125×100×63.5 மி.மீ. 9070-க்கும் 5070-க்கும் 650 வாட், 5070 டிஐ-க்கும் 9070 எக்ஸ்டி-க்கும் 750. கழற்றி மாட்டும் கேபிள் வகையே வேண்டும், இல்லாவிட்டால் பயன்படாத கேபிள்களைத் திணிக்க இடம் இருக்காது.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் நீளமாக இருக்கிறதென்று புதியதில் செருகவே செருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனிக்குள்ளேயும் மாறும். முனை சரியாகப் பொருந்தும், சுவிட்சைப் போட்டவுடன் எஸ்எஸ்டி-யும் போர்டும் போய்விடும்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது, திரை கறுப்பாகவே இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் காத்திருங்கள். ஏஎம்5 போர்டு முதல் முறை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கால் மணி நேரம் கழித்தும் வராவிட்டால் ஒரு மானிட்டர், ஒரு கேபிள், ஒரு ரேம் மட்டும் வைத்து முயலுங்கள்.

ரைசர் கேபிள் உள்ள கேபினட்டென்றால் சந்தேகம் அதன் மேல்தான். நான்காம் தலைமுறை ரைசரில் ஐந்தாம் தலைமுறை கார்டைப் போட்டால், போர்டு தானாக ஐந்தைத் தேர்ந்தெடுத்துத் தடுமாறும். மானிட்டரை மதர்போர்டு போர்ட்டில் செருகி பயாஸுக்குள் போய் கார்டு ஸ்லாட்டின் பிசிஐஇ வேகத்தை "ஆட்டோ"விலிருந்து ஜென்4-க்கு, அதாவது நான்காம் தலைமுறைக்கு, மாற்றுங்கள். கேமில் வித்தியாசம் தெரியாது. உள் கிராபிக்ஸ் உள்ள ப்ராசஸரைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது சந்தேகம் மலிவான டிஸ்பிளேபோர்ட் கேபிள். தரமில்லாத சிலவற்றில் 20-ஆம் பின் இணைக்கப்பட்டிருக்கும். மானிட்டரிலிருந்து மின்சாரம் கார்டுக்குள் திரும்ப ஏறி கணினி எழ மறுக்கும். எல்லாக் கேபிளையும் பிடுங்கியதும் எழுந்தால் காரணம் அதுதான்.

கேம் ஆடாதபோதும் கார்டு சூடாகவே இருக்கிறதே?

மூன்று திரை வெவ்வேறு ரெஃப்ரெஷ் ரேட்டில் ஓடும்போது கார்டின் நினைவகம் ஓய்வு வேகத்துக்கு இறங்காமல் உச்சத்திலேயே நிற்பதுண்டு. ஃபேன் வேறு நின்றிருக்கும். ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் நினைவக வேகத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்திரைகளை ஒவ்வொரு படியாக இறக்குங்கள்: 180-லிருந்து 144, 120, 60. ஏதோ ஒரு சேர்க்கையில் வேகம் சட்டென்று விழும். அதோடு நிறுத்துங்கள்.

பக்கத்திரைகளில் படம் ரப்பர் போல இழுபடுகிறது. ஏன்?

மூன்றையும் ஒரே அகலத் திரையாக நினைத்துக் கேம் வரைகிறது. ஓரத்துக்குப் போகப் போக இழுபடத்தான் செய்யும். அசெட்டோ கோர்சா, ஐரேசிங் போன்றவற்றில் ஒவ்வொரு திரையையும் தனிக் கோணத்தில் வரையும் மூன்று திரை அமைப்பு உண்டு. அதை இயக்கி, மேலே சொன்ன தூரத்தையும் கோணத்தையும் விளிம்பின் அகலத்தையும் கொடுங்கள். வேலோரன்ட் போன்ற போட்டி கேம்கள் அகலப் பார்வையைத் தரவே தராது. அவற்றுக்கு நடுத்திரை மட்டும்தான்.

கரண்ட் போனால்? வீட்டு இன்வெர்ட்டர் தாங்குமா?

சுமையைக் கூட்டுங்கள்: கணினி 400 வாட், மானிட்டர்கள் 100. 600 விஏ யூபிஎஸ் தருவது வழக்கமாக 360 வாட்தான். ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் சேர்ந்து அணையும். 1000 விஏ, 600 வாட் எடுத்தால் சேமித்து அணைக்கச் சில நிமிடங்கள் கிடைக்கும். சதுர அலை இன்வெர்ட்டரில் நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில சமயம் அணைந்துவிடும். சைன் அலை வகையே வேண்டும், இன்வெர்ட்டரின் சுவிட்ச் யூபிஎஸ் மோடில் இருக்க வேண்டும்.

கேபினட்டைத் தொட்டால் கையில் சுருக்கென்று ஏறுகிறதா? சாக்கெட்டில் எர்த் இல்லை. பழைய வீடுகளில் இது சகஜம். அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகிப் பிடுங்கினால் போர்ட்டே கருகலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரிசெய்த பிறகு கணினியையும் மூன்று மானிட்டரையும் ஒரே எர்த் உள்ள வரிசையில் செருகுங்கள்.

பெங்களூரின் கணினிக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் வாங்கலாமா?

தாராளமாக. ஆனால் ஐடிஎக்ஸ் போர்டும் எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸும் எல்லாக் கடையிலும் இருப்பில் இருக்காது. முன்கூட்டி ஃபோனில் கேட்டுவிட்டுப் போங்கள். "இது இல்லை சார், அது இருக்கு, அதுவும் இதே மாதிரிதான்" என்று மாற்று மாடல் கொடுத்தால் அங்கேயே நின்று நீளம், தடிமன், உயரம் மூன்றையும் கம்பெனி தளத்தில் பாருங்கள். சீல் உடையாத பெட்டி, சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில், இந்தியாவில் வாரன்டி யார் தருகிறார்கள் என்ற விவரம், மூன்றும் கையில் வந்த பிறகு பணம்.

பொங்கலுக்குச் சேலம் கொண்டு போக முடியுமா?

கணினியை மட்டும் கொண்டு போகலாம். பஸ் குலுக்கலில் கார்டின் எடை முழுக்க ஸ்லாட்டில் விழும், அதனால் கார்டைக் கழற்றி அதன் சொந்தப் பெட்டியில் வையுங்கள். டவர் கூலர் இருந்தால் அதையும் கழற்ற வேண்டும். தாழ்வான கூலர் அப்படியே இருக்கலாம். கண்ணாடித் தகட்டை அறையிலேயே விட்டுவிட்டு வலைத் தகட்டைப் போடுங்கள். டிக்கியில் போடாமல் மடியிலோ காலடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஒரு பழைய மானிட்டர் இருந்தால் போதும். திரும்பி வந்ததும் மூன்று கேபிளையும் முன்பிருந்த அதே போர்ட்டுகளில் செருகுங்கள்; போர்ட் மாறினால் விண்டோஸ் திரை வரிசையைக் குழப்பும், சரவுண்டை மறுபடி அமைக்க வேண்டிவரும். கழற்றும்போதே கேபிள்களில் 1, 2, 3 என்று டேப் ஒட்டிவிட்டால் அந்த வேலை மிச்சம்.